சட்டம் கேளுங்கள்: அத்தானோடு கூட்டு, எழுத்து எதற்கு?

கேள்வி: நானும் அத்தானும் ஒரு சிநேகிதனும் சேர்ந்து நிலாவெளியில் சுற்றுலாப் படகு ஓட்டப் போகிறோம். கரையோரக் காணி அத்தானுடையது. படகும் எஞ்சினும் என் காசு. ஓட்டப்போவது சிநேகிதன். ஒப்பந்தம் எழுத சட்டத்தரணி 45,000 ரூபா கேட்கிறார். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தால் போதும், சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்கிறார் அத்தான். இவ்வளவு செலவழிக்கத்தான் வேண்டுமா அம்மா?
- உப்புவெளி வாசகர்

பதில்: தம்பி, பெயர்ப் பதிவு கட்டாயம் செய்யுங்கள். ஆனால் பங்காளர் யார் யார் என்பதைத்தான் அது சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது.

மூலதனம் 1,000 ரூபாவுக்கு மேலே போனால் பங்குடைமை, அதாவது இந்த மாதிரிக் கூட்டு, எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். அந்தத் தொகையை இன்று எந்தப் படகுக் கூட்டும் தாண்டிவிடும். பங்குடைமைக்கு இலங்கையில் இன்னும் இங்கிலாந்தின் 1890ஆம் ஆண்டுச் சட்டந்தான். வெள்ளைக்காரன் போயும் அது போகவில்லை. வேறு உடன்பாட்டைக் காட்ட முடியாவிட்டால், யார் எவ்வளவு போட்டிருந்தாலும் லாபமும் நட்டமும் சமபங்கு. வெயிலில் ஓட்டுகிற சிநேகிதனுக்குத் தனிச் சம்பளம் இல்லை. ஒருவர் கண்ணை மூடினால் கூட்டே கலையும்.

ஆகவே எழுதுங்கள். மூன்று பேர் மூன்று விதமாகப் போடுகிற கூட்டுக்கு 45,000 ரூபாவை அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மூன்று பேரும் சட்டத்தரணிக்கு முன்னால் இருந்துகொண்டு முதன்முதலாகப் பேரம் பேசினால், வரைவு திரும்பத் திரும்ப மாறும், காசும் ஏறும். வீட்டிலேயே பேசி முடித்து ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். படகுக்காரர் என்னிடம் சண்டையோடு வருவது வாடைக்காலம் முடிந்த கையோடுதான்: ஓட்டமில்லாத மாதங்களில் எஞ்சின் திருத்தியது யார், காவல்காரனுக்குக் கொடுத்தது யார் என்று. முதலில் அதைத் தீருங்கள். பிறகு சிநேகிதனின் சம்பளம், காசோலையில் யார் ஒப்பமிடுவது, விலகுகிறவரின் பங்கை யார் விலை மதிப்பது.

உண்மையில் பெரிய செலவு காணியில் இருக்கிறது. அத்தான் அதை உங்கள் மூவரின் பெயருக்கும் மாற்றப் போனால் நொத்தாரிசு உறுதி, இரண்டு சாட்சி, அதற்குமேல் முத்திரைத் தீர்வை: மதிப்பில் முதல் 1 லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 50 லட்சம் மதிப்புள்ள காணி என்றால் 1,99,000 ரூபா. நொத்தாரிசின் கூலி வேறு. காணி அத்தான் பெயரிலேயே இருக்கட்டும்; கூட்டுக்குக் குத்தகைக்குத் தரட்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும் நொத்தாரிசு முன்னால்தான் முடிக்க வேண்டும். வாயால் பேசிய குத்தகையை நம்பிப் பலகைக் கொட்டிலும் போடாதீர்கள்.

இன்னொன்று. கூட்டின் கடனுக்கு உங்கள் சொந்த வீடும் பொறுப்பு. வெள்ளைக்காரப் பயணி ஒருவர் படகில் அடிபட்டு நட்டஈடு கேட்டால் நிலைமையை யோசியுங்கள். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் கம்பனி பதிந்தால் அந்தப் பயம் பெரும்பாலும் குறையும். ஆனால் செயலாளர், கணக்காய்வு, ஆண்டறிக்கை என்று வருடாவருடம் செலவு. ஒரு படகுக்கு அது பாரம். இரண்டாவது படகு வாங்கும்போது பார்க்கலாம். அதுவரை நல்ல காப்புறுதி எடுங்கள்.

கட்டணத்தை மூன்று பேரும் போடுங்கள். நீங்கள் மட்டும் கொடுத்தால் அவர் உங்கள் சட்டத்தரணி என்றுதான் அத்தான் நினைப்பார். அத்தான் வரைவை வேறொரு சட்டத்தரணியிடம் காட்ட வேண்டும் என்றால் காட்டட்டும், கோபிக்காதீர்கள். முற்பணம் கட்டுமுன், திருத்தங்களும் குத்தகை உறுதியும் அந்த 45,000க்குள் அடக்கமா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.