ஃபியூர்ஷ்டெகொட்: ‘கடவுளுக்கு அஞ்சு’ என்று ஒரு பெயர்

கேள்வி: கிறிஸ்டியான் ஃபியூர்ஷ்டெகொட் கெல்லெர்ட் என்ற ஜெர்மன் கவிஞரின் பெயரில் நடுவில் இருப்பது என்ன? குடும்பப் பெயரா?

பதில்: இல்லை, அதுவும் பெற்றோர் வைத்த பெயர்தான். ஃபியூர்ஷ்டெ என்றால் ‘அஞ்சு’, கொட் என்றால் ‘கடவுள்’. பெயரே ஒரு கட்டளை. கெல்லெர்ட் 1715இல் சாக்சனியின் ஹைனிஷென் ஊரில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தார். அண்ணன் ஒருவர் ஃப்ரீட்ரிஷ் லெபெரெஷ்ட், அதாவது ‘நேர்மையாக வாழ்’. இன்னொருவர் கிறிஸ்ட்லீப் ஏரெகொட். ஏரெகொட் என்றால் ‘கடவுளைக் கனம்பண்ணு’. மூன்று பிள்ளைகளையும் வரிசையாகக் கூப்பிட்டாலே அந்த வீட்டில் ஒரு சிறு பிரசங்கம் முடிந்துவிடும். எனக்கு இந்த வகைப் பெயர்கள்மேல் பிரியம் வந்ததே இந்த மூன்று சகோதரர்களால்தான்.

கேள்வி: கொட்ஃப்ரீட் என்பதும் இதே வகையா, ஐயா?

பதில்: இல்லை. அது இடைக்காலத்திலேயே இருந்த பழைய பெயர். ‘கடவுள்’, ‘அமைதி’ என்று இரண்டு சொற்களை அப்படியே இணைத்தது, வாக்கியம் கிடையாது. ஃபியூர்ஷ்டெகொட், ட்ரௌகொட் (‘கடவுளை நம்பு’), லெபெரெஷ்ட் எல்லாம் ஏவல் வாக்கியங்கள்.

கேள்வி: யார் இப்படி வைக்க ஆரம்பித்தார்கள்? ஏன்?

பதில்: ஜெர்மன் புராட்டஸ்டண்டு குடும்பங்கள். கத்தோலிக்கர் பிள்ளைகளுக்குப் புனிதர்களின் பெயரைச் சூட்டினார்கள். இவர்களோ தங்கள் பக்தியைத் தாய்மொழியிலேயே பெயராக்கினார்கள். 1675இல் ஷ்பேனர் என்ற ஜெர்மன் போதகர் எழுதிய நூலோடு வேகம் பெற்ற, பயடிசம் எனப்படும் புராட்டஸ்டண்டு பக்தி இயக்கம் இந்த வழக்கத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனது. சடங்கைவிட அன்றாட ஒழுக்கம் பெரிது என்றவர்கள் அவர்கள். ஆகவே, நாள் முழுக்கக் காதில் விழும் பெயரே நினைவூட்டலாக இருக்கட்டும் என்று நினைத்ததில் எனக்கு வியப்பில்லை. 18ஆம் நூற்றாண்டுதான் இவற்றின் பொற்காலம். வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்த பிரஷ்யத் தளபதி ப்ளூஷர்கூட கெப்ஹார்ட் லெபெரெஷ்ட்தான்.

கேள்வி: பெண்களுக்கு?

பதில்: குறைவு. ‘கடவுள்’, ‘அன்பு’ என்ற சொற்கள் சேர்ந்த கொட்லீப் என்பதிலிருந்து கொட்லீபெ, கொட்லீபின் வந்தன.

கேள்வி: தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் இந்த வட்டத்தைச் சேர்ந்தவர்தானே? தமிழ்ப் பெயர்களோடு ஏதாவது ஒப்பு உண்டா?

பதில்: ஆமாம், 1706இல் வந்த அவர் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் உருவானவர். அங்கிருந்து அவருக்குத் துணை நின்ற ஃபிராங்கெயின் மகன் பெயர் கொட்ஹில்ஃப் ஆகுஸ்ட். தகப்பனுக்குப் பின் ஹாலே நிறுவனங்களை நடத்தியவரும் இவரே. கொட்ஹில்ஃப் என்றால் ‘கடவுளின் உதவி’. நம் தேவசகாயமும் அதேதான்! லாசரு என்ற எபிரேயப் பெயரின் பொருளும் இதுவே. ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்லவில்லை. ஒரே வேண்டுதல் மூன்று மொழிகளில் பெயராகியிருக்கிறது. அப்புறம், திருநெல்வேலியில் பணியாற்றிய ஜெர்மன் மிஷனரி ரேனியஸின் நடுப்பெயர் தியோஃபில். அது கிரேக்கம், ஜெர்மனில் சொன்னால் கொட்லீப். மொசார்ட் பிறந்தபோது அவருடைய தகப்பனார் கடிதத்தில் எழுதியதும் கொட்லீப் என்றுதான். பிற்பாடு அது அமதேயுஸ் ஆனது.

கேள்வி: ஜெர்மனியில் இருக்கிறோம். பையனுக்கு இதை வைக்கலாமா, அண்ணா?

பதில்: இன்று ஃபியூர்ஷ்டெகொட் மிக அரிது. பள்ளியில் தினமும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாம் பெயராக வையுங்கள், கெல்லெர்ட்டுக்கும் அப்படித்தான் இருந்தது. முதல் பெயராகவே வேண்டுமென்றால் நான் கொட்லீப் என்பேன். அதில் அச்சம் இல்லை, அன்பு இருக்கிறது.