டிம் டங்கனிடம் எதைப் படிக்கலாம்? திருகோணமலைக் கூடைப்பந்துப் பிள்ளைகளின் கேள்விகளும் பதில்களும்

உப்புவெளியிலிருந்து: அண்ணா, எனக்கு 15 வயது. இவ்வளவு நாளும் நீச்சல்தான். கூடைப்பந்துக்குப் பிந்தி வந்திட்டேனா?

இல்லை தம்பி. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான NBAயில் ஆடிய டங்கனும் முதலில் நீச்சல்காரர்தான். 1976இல் அமெரிக்க வேர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் குரோயில் பிறந்தவர். 1989 செப்டெம்பரில் ஹியூகோ சூறாவளி அத்தீவிலிருந்த ஒரே ஒலிம்பிக் அளவுத் தடாகத்தை அழித்துவிட்டது. பயிற்சியைக் கடலுக்கு மாற்றினார்கள். சுறாவுக்குப் பயந்து அவர் விலகிவிட்டார். அடுத்த ஆண்டு தாயை மார்பகப் புற்றுநோய் கொண்டுபோனது. அதற்குப் பிறகுதான் ஒழுங்காகக் கூடைப்பந்து; பழக்கியவர் அக்காவின் கணவர்.

நீந்துகிறவர்களுக்கு மூச்சும் தோளும் தயாராக இருக்கும். தரையில் குதித்து இறங்கிப் பழகாததால் கணுக்கால்தான் முதலில் பிரளும். முதல் மாதம் தூரத்திலிருந்து ஷூட் பண்ண வேண்டாம். ஒற்றைக்காலில் 30 விநாடி நில்லுங்கள், ஒவ்வொரு காலுக்கும் மூன்று தடவை. பிறகு ஓடி வந்து இரண்டு காலிலும் சேர்ந்து நிற்பது, ஒரு பாதத்தை ஊன்றி மற்றதைத் திருப்பும் பிவட். டங்கனின் ஆட்டம் முழுவதுக்கும் அந்த இரண்டும்தான் அத்திவாரம்.

கிண்ணியாவிலிருந்து: NBAக்கு முதலாவது ஆளாகத் தெரிவாகக்கூடியவர் ஏன் நாலு வருடம் பல்கலைக்கழகத்தில் இருந்தார்?

படிப்பை முடிப்பதாகத் தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தார். வேக் ஃபொரெஸ்ட்டில் உளவியல் பட்டம் பெற்ற பிறகே, 1997இல் NBA அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தெரிவு செய்தபோது சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி அவரை முதல் ஆளாக எடுத்தது. உயர்தரப் பரீட்சை வருகிறது, விளையாட்டை விடு என்று சொல்லும் பெற்றோருக்கு இதைச் சொல்லுங்கள்: படித்துக்கொண்டே விளையாடியவர்தான் 19 பருவங்களும் அதே ஸ்பர்ஸுக்கு ஆடி, 1999, 2003, 2005, 2007, 2014 என ஐந்து கிண்ணங்கள் எடுத்தார்.

ஓர்ஸ் ஹில்லிலிருந்து: போர்ட்டில் அடித்துப் போடும் அவருடைய ஷொட் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்புகிறது.

முன்விளிம்பில் பட்டால் பந்து தட்டையாகப் போகிறது, அல்லது போர்ட்டில் பதிவாகப் படுகிறது என்று அர்த்தம். டங்கன் பெரும்பாலும் இடது பக்கத்தில், ரிங்கிலிருந்து ஏறக்குறைய 4 மீற்றரில், போர்ட்டோடு 45 பாகை சாய்வில் முகம் கொடுத்து நிற்பார். நீங்கள் 3 மீற்றரில் தொடங்குங்கள். போர்ட்டில் வரைந்திருக்கும் 59க்கு 45 சென்ரிமீற்றர் பெட்டியில், உங்கள் பக்க மேல்மூலைதான் குறி. ரிங்கைப் பார்க்கவே கூடாது. பார்த்தால் கை தானாகவே எறியும் தூரத்தைக் குறைத்துவிடும். பந்து உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது மூலையில் பட வேண்டும். விரல் நுனியால் பின்சுழற்சி கொடுத்தால் போர்ட்டில் பட்டதும் கீழ்நோக்கி விழும். எல்லைக்கோட்டுப் பக்கம் சரிந்து நின்றால் சாய்வு போதாது. நேர்முன்னே நின்றால் போர்ட்டால் பெரிய இலாபம் இல்லை.

இன்னொன்று, பழுது உங்களில் இல்லாமலும் இருக்கலாம். எங்கள் திறந்தவெளித் திடல்களில் உப்புக்காற்று போர்ட்டின் ஆணிகளைத் தின்றுவிடும். போர்ட்டின் பல இடங்களில் பந்தைக் கையால் எறிந்து பாருங்கள். ஓரிடத்தில் 'தொப்' என்று செத்த சத்தம் கேட்டு, பந்து திரும்பாமல் விழுந்தால் அங்கே நட் தளர்ந்திருக்கும் அல்லது பலகை ஊறியிருக்கும். முதலில் நட்டை முறுக்குங்கள். விடியப் பனி பிடித்த போர்ட்டில் பந்து வழுக்கும்; துணியால் துடையுங்கள். கச்சான் வீசும் பின்னேரங்களில் தூர ஷொட்டைவிட இதை நம்பலாம், பந்து காற்றில் இருக்கும் நேரம் குறைவு.

நகரிலிருந்து: அவருடைய ஆகச் சிறந்த மட்ச் எது?

என் கணக்கில் 2003 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், நியூ ஜேர்சி நெட்ஸுக்கு எதிரானது. 21 புள்ளி, 20 ரீபவுண்ட் (தவறித் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 10 அசிஸ்ட் (கூட்டாளி போடப் பந்து கொடுப்பது), 8 பிளொக் (எதிரியின் ஷொட்டைத் தடுப்பது). கிண்ணம் அன்றே முடிவானது. அந்த 10 அசிஸ்ட்டைத்தான் முதலில் பாருங்கள்: இரண்டு பேர் தன்னிடம் ஓடி வரும்வரை பந்தைப் பிடித்திருந்து, பிறகு ஆளில்லாத பக்கத்துக்குக் கொடுப்பார்.

மூதூரிலிருந்து, பழக்கும் ஒருவர்: பழுதான முழங்காலோடு 40 வயதுவரை எப்படி ஆடினார்?

சேர், 2000ஆம் ஆண்டிலேயே இடது முழங்கால் சவ்வு கிழிந்து சத்திரசிகிச்சை செய்தவர். தாக்குப்பிடித்ததற்கு முக்கிய காரணம் நேரக்குறைப்பு. முதல் பருவத்தில் ஆட்டத்துக்கு 39 நிமிடம், கடைசிப் பருவத்தில் 25. பிந்திய காலத்தில் உடல் எடையையும் குறைத்தார். சீமெந்துத் தரையில் பழக்கும் நீங்கள் குதிக்கும் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாளோடு நிறுத்துங்கள். அடுத்தடுத்த நாட்களில் வைக்காதீர்கள். நல்ல பிள்ளை என்று ஒருவரையே எல்லா மட்ச்சிலும் முழு நேரமும் ஓட விடுவதுதான் முழங்காலை முடிக்கிறது.

அதே சேர்: அவரிடம் பலவீனமே இல்லையா?

ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணி தவறு செய்தால் யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறிவது. வாழ்நாள் சராசரி 69.6 வீதம்தான். பிள்ளைகள் களைத்த பிறகு அதைப் பழக்குங்கள்: திடலை இரண்டு தடவை ஓடி, உடனே இரண்டு எறிதல், மறுபடி ஓட்டம். மட்ச்சில் எறிவது அந்த மூச்சிரைப்போடுதான்.