தொழில் தொகுப்பு அமைத்தால் ஒரு வட்டாரம் முன்னேறுமா? திருப்பூரிலிருந்து ஒரு பதில்

கேள்வி: எங்கள் மாவட்டத்தில் ஆயத்த ஆடைகளுக்கென ஒரு கிளஸ்டர் வரப்போவதாகச் சொல்கிறார்கள். இப்படித் தொழில் தொகுப்பு அமைத்தால் வட்டாரம் உண்மையிலேயே முன்னேறிவிடுமா?

பதில்: திருப்பூரில் பின்னலாடைத் தொழிலுக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. செக்கிங் மேசையில் தொடங்கினேன், பிறகு ஆர்டர்களைக் கவனித்து முடித்துக் கொடுக்கும் மெர்ச்சண்டைசர், இப்போது சிறிய அளவில் சொந்தமாகத் தைத்துக் கொடுக்கிறேன். தொகுப்பால் ஊர் முன்னேறும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஷெட் கட்டினால் தொகுப்பு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்ப மாட்டேன்.

ஓர் இரவைப் பற்றிச் சொல்கிறேன். குழந்தைகளுக்கான டி-ஷர்ட், ஆறாயிரம் பீஸ், கடல் நீல நிறம். சனிக்கிழமை கண்டெய்னர் ஏற வேண்டும். புதன் இரவு எட்டு மணிக்குத்தான் கழுத்துப் பட்டிக்கான ரிப் துணி பதினைந்து கிலோ குறைகிறது என்று கட்டிங் மாஸ்டர் வந்து நின்றார். எங்களிடம் நூலும் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு நிட்டிங் முதலாளி இருந்தார். அதே வெளிநாட்டு பையருக்கு அவரும் துணி ஓட்டிக்கொண்டிருந்தார், அதாவது எங்களுக்குப் போட்டியாளர். போய்ச் சொன்னதும், ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்தி, தன் நூலையே போட்டு ஓட்டினார். பதினொரு மணிக்குத் துணி கையில். அதைச் சாம்பிள் டையிங் பட்டறைக்கு ஸ்கூட்டரில் கொண்டு போனேன். விடியற்காலையில் சாயமேற்றி முடித்து, உலர்த்தி, துணி பிறகு சுருங்காதிருக்கச் செய்யும் காம்பாக்டிங் ஆகி, வியாழன் பிற்பகலில் துணி பவர் டேபிளுக்கு, அதாவது தையல் வரிசைக்கு, வந்துவிட்டது. விலை என்னவென்று அந்த இரவில் யாரும் பேசவில்லை. "துணி போகட்டும் தம்பி, கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் அந்த நிட்டிங் முதலாளி. அடுத்த மாதம் அவர் போட்ட பில் நியாயமாகவே இருந்தது. அதிகமாகப் போட்டிருந்தால் ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்திருக்கும்.

திருப்பூர் என்றால் எனக்கு இதுதான். ஒரு பனியன் கம்பெனி என்பது ஒரே கூரைக்குள் இருப்பதில்லை. நிட்டிங் ஓரிடம், டையிங் வீரபாண்டிப் பக்கம், பிரிண்டிங் வேறிடம், காஜா பட்டன் இன்னொரு வீட்டு மாடியில். துணி நாள் முழுக்க டெம்போவில் ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். மிஞ்சியதும் பழுதானதும் காதர்பேட்டைக்குப் போய்விடும், அதற்கும் ஒரு சந்தை இருக்கிறது. ஆளும் இப்படித்தான் உருவாகிறார்கள். டீ நேரத்தில் டெய்லர் எழுந்து போனதும், அவருக்கு உதவியாக இருக்கும் கைமடிக்கும் பெண் வேஸ்ட் துணியை வைத்து ஓவர்லாக் மெஷினை ஓட்டிப் பழகுவாள். சில மாதங்களில் அவளே டெய்லர். இதற்குப் பயிற்சித் திட்டம் எதுவும் கிடையாது. ஒரே தொழில் ஓரிடத்தில் திரண்டால் அதன் நுணுக்கம் ஊர்ச் சொத்தாகிவிடும் என்று பொருளியலாளர் ஆல்பிரட் மார்ஷல் 1890-இலேயே எழுதியிருக்கிறார். அவர் இங்கிலாந்தைப் பார்த்து எழுதியது, எங்கள் திருப்பூர் ராயபுரத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

சிவகாசியையும் பாருங்கள். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அந்த அச்சகங்கள் இன்று காலண்டரும் டைரியும் அடிக்கின்றன. மழை குறைவான கரிசல் பூமியில் ஒரு தொழில் இன்னொன்றை இழுத்து வந்தது.

அப்படியானால் அரசுக்கு வேலையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தனியொரு முதலாளியால் செய்யவே முடியாத வேலைகள் சில உண்டு, அவற்றில் அரசு தாமதமாக வந்தால் ஊரே தண்டனை அனுபவிக்கும். நாங்கள் அனுபவித்தோம்.

சாயப்பட்டறைக் கழிவு பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில்தான் போனது. கீழே பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயத் தண்ணீரைத் தேக்கும் தொட்டியாகிவிட்டது. கிணறுகள் உப்பேறி, தென்னையும் மஞ்சளும் போயின. இதில் பட்டறைக்காரர் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் நான் ஒருவன் மட்டும் சுத்திகரிப்பு நிலையம் போட்டால் என் கிலோ ரேட் ஏறும், பக்கத்துப் பட்டறைக்கு ஆர்டர் போய்விடும். எல்லோரும் சேர்ந்து போட வேண்டும், அல்லது யாரும் போட மாட்டார்கள். பட்டறைகள் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகும், சாயமேற்றப் போடும் உப்பு ஆற்றில் போவது நிற்கவில்லை. கடைசியில் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளில் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அந்த மாதங்களில் நான் மெர்ச்சண்டைசராக இருந்தேன். இரண்டு தெருவில் முடிந்த வேலைக்குத் துணியை லாரியில் ஏற்றி வெளியூர்களுக்கு அனுப்பினோம். ஷேடு மாறி வரும், திருப்பி அனுப்புவோம், அதற்குள் கப்பல் தேதி போய்விடும். ஒரு கண்ணி அறுந்தால் தையல்காரர் வரை வேலை நிற்கும் என்பதைப் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லாமல் போயிற்று. அதன் பிறகே மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்து, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாத முறைக்குப் பொது நிலையங்கள் மாறின. இன்று அதையே பெருமையாக வெளிநாட்டு பையர்களிடம் காட்டுகிறோம். பத்து ஆண்டுகள் முன்பே செய்திருக்கலாம்.

இன்னொரு பலவீனமும் உண்டு. எல்லோரும் ஒரே தொழிலில் இருப்பதால் அடி விழுந்தால் எல்லோருக்கும் ஒரே நாளில் விழும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியபோது டீக்கடை வரை பேச்சு அதுவாகத்தான் இருந்தது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

உங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு புதுத் தொகுப்புக்கு ஆலோசனை சொல்ல என்னை அழைத்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். நல்ல தார்ச்சாலை, வரிசையாக ஷெட், உள்ளே நாற்பது தையல் மெஷின்கள், பாதி இன்னும் பாலிதீன் உறைக்குள். ஒரு பிளாட்லாக் தையல் மெஷினில் லூப்பர் என்ற சிறு பாகம் உடைந்து நான்கு நாட்களாக நின்றிருந்தது. திருப்பூரிலிருந்து பார்சல் வர வேண்டுமாம். எங்கள் ஊரில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வாங்கிவிடும் பொருள் அது. மேற்பார்வையாளர் நல்ல மனிதர். இன்னும் இரண்டு ஷெட்டுக்கு நிதி கேட்டிருப்பதாகச் சொன்னார்.

எனவே அறிவிப்பில் எத்தனை கோடி என்று பார்க்காதீர்கள். யாரும் சொல்லாமலே உங்கள் ஊர் ஏற்கெனவே எதைச் செய்துகொண்டிருக்கிறது, அதைச் செய்கிறவர்கள் எந்தச் சாமானுக்காக அடிக்கடி வெளியூர் பஸ் ஏறுகிறார்கள் என்று விசாரியுங்கள். பரிசோதனைக் கூடமோ, சாய நிலையமோ, பெண்கள் தங்கும் விடுதியோ, அந்தக் குறையை நிரப்பத்தான் பொதுப் பணம் போக வேண்டும்.

அன்று ஊர் திரும்பியதும் எங்கள் மெக்கானிக்கிடம், நல்ல சம்பளம் தருவார்கள், அங்கே போகிறீர்களா அண்ணா என்று கேட்டேன். எத்தனை மெஷின் இருக்கிறது என்றார். நாற்பது என்றேன். "என் தெருவிலேயே அதைவிட அதிகம்" என்று சொல்லிவிட்டு, பிரித்துப் போட்டிருந்த ஓவர்லாக் மெஷினுக்கு எண்ணெய் விடப் போய்விட்டார்.