ஆர் வெல்லுவினம் எண்டு கேக்காதேங்கோ: பிளேஓஃப் கேள்வி பதில் (பெரிய வெள்ளி, ஏப்ரல் 18, 2025)

நாளைக்கு வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கின்ரை (NHL) ஸ்ரான்லி கப் பிளேஓஃப் தொடங்குது. 16 அணி, நாலு சுற்று, ஒவ்வொரு சுற்றிலயும் ஏழு ஆட்டத்தில முதல் நாலு வெல்லுறவை மேல போவினம். கப்பைத் தூக்க 16 வெற்றி வேணும். எனக்கு இண்டைக்கு லீவு, பின்னேரம் வரைக்கும் இருப்பன், கேளுங்கோ. வேலைத்தளத்தில கணிப்புப் போட்டிக்குக் கணக்கு எழுதுறவன் எண்ட தகுதிதான் என்ரை தகுதி. ஒரே ஒரு வேண்டுகோள்: "ஆர்?" எண்டு கேக்காமல் "எத்தனை வீதம்?" எண்டு கேளுங்கோ.

வினிபெக் குளிர்: எங்கட ஜெற்ஸ் 116 புள்ளியோட லீக்கிலயே முதலிடம். ஆனா முதலிடம் வந்த அணிக்குச் சாபம், கப் கிடைக்காது எண்டு எல்லாரும் வெருட்டுறாங்கள். உண்மையோ அண்ணை?

நல்ல கேள்வி, இதுக்கு நீளமாச் சொல்லுறன். முதலிடத்துக்குக் குடுக்கிற பிரெசிடென்ற்ஸ் கிண்ணம் 1986இல தொடங்கினது. போன வருசம் வரைக்கும் 38 தரம் குடுத்திருக்கினம். அதில 8 தரம் அதே அணி கப்பும் எடுத்திருக்கு. அதாவது 21 வீதம். 16 அணியும் சரிசமன் எண்டால் ஒரு அணிக்கு 6 வீதத்துக்குக் கொஞ்சம் மேலதான் வரும். முதலிடம் வந்த அணிக்கு அதைப்போல மூண்டு மடங்கு கிடைச்சிருக்கு. இதிலை எங்க சாபம்?

சாபம் மாதிரித் தெரியிறதுக்குக் காரணம், விழுந்தவை விழுந்த விதம். 2013இல சிக்காகோ எடுத்ததுக்குப் பிறகு முதலிடம் வந்த ஆரும் கப் எடுக்கேல்லை. 2019இல ராம்பா பே 62 ஆட்டம் வெண்டு வந்து, முதல் சுற்றில கொலம்பஸிட்டை நாலுக்குப் பூச்சியம். அந்த வருசம் எங்கட போட்டிப் பலகையில நானும் ராம்பா எண்டுதான் எழுதினனான். ஒரு கிழமைக்குள்ள கதை முடிஞ்சுது, மேற்பார்வையாளர் அந்தத் துண்டைக் கழட்டாமல் ஜூன் வரைக்கும் விட்டு வைச்சவர். 2023இல பொஸ்ரன் 65 வெற்றி, 135 புள்ளி, லீக் வரலாற்றிலயே கூட. 92 புள்ளியோட கடைசியா உள்ள வந்த புளோரிடாவிட்டை, 3-1 எண்டு முன்னுக்கு நிண்டு போட்டுத் தோத்தது.

இப்ப கணக்கு. ஒரு ஆட்டத்தில வெல்ல 55 வீத வாய்ப்பு இருக்கிற அணியை எடுங்கோ. ஹொக்கியில அது பெரிய பலம். ஏழு ஆட்டத் தொடர் எண்டால் அது 61 வீதமாகும். நாலு தொடரையும் பெருக்கினால்? 14 வீதத்துக்குக் கீழ. நூறு தரம் விளையாடவிட்டால் 86 தரம் கப் வேற ஆரிட்டையோ போகும். வினிபெக்குக்கு முதல் சுற்றில சென்ற் லூயிஸை மடக்க 63 வீதம் போட்டிருக்கிறன், கப்புக்கு 11. சந்தோசமா இருங்கோ, அது கூடின எண்ணிக்கைதான்.

சென்னைக்காரன்: நமக்குத் தெரிஞ்ச ஹாக்கி புல்தரை ஹாக்கிதான் சார். இந்த ஐஸ் ஆட்டத்துல மட்டும் ஏன் இவ்வளவு அதிர்ஷ்டம்?

கோல் குறைவு. ஒரு அணி ஒரு ஆட்டத்தில வலையை நோக்கி ஏறக்குறைய 30 அடி அடிச்சு மூண்டு கோல் போடும். கூடைப்பந்தில ஒரு அணி நூறு புள்ளிக்கு மேல எடுக்கும்; நூறு தரம் சோதிச்சால் கெட்டிக்காரன் ஆர் எண்டு தெரிஞ்சிடும், மூண்டு தரத்தில தெரியாது. அதோட பக் எண்டது மூண்டு அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிப்பான ரப்பர் வில்லை. துள்ளக்கூடாது எண்டு ஆட்டத்துக்கு முதல் குளிரூட்டியில வைச்சு உறையவிடுவினம். அப்பிடி வைச்சும் அது தடுக்கிறவன்ரை சப்பாத்தில பட்டுத் திரும்பி வலைக்குள்ள போகும். அந்தக் கோலை எந்தக் கணக்கும் முன்கூட்டிச் சொல்லாது.

ஸ்காபரோ 1: எங்கட ரொறன்ரோ லீஃப்ஸ் இந்த முறை வெல்லுமோ?

முதல் சுற்றில ஒட்டாவாவையோ, கப்பையோ? ஒட்டாவாவை வெல்ல 60 வீதம். கப்புக்கு 7.

புது ஆள்: சென்ற் லூயிஸ் கடைசி நேரத்தில தொடர்ந்து 12 ஆட்டம் வெண்டவை. டலஸ் கடைசி ஏழு ஆட்டமும் தோத்தவை. இதைப் பாக்க வேண்டாமோ?

வேண்டாம். பாக்காதேங்கோ. 82 ஆட்டம் கையில இருக்கேக்க கடைசிப் பத்தை மட்டும் எடுத்துக் கணிக்கிறது, பத்து மாசச் சம்பளத்தை விட்டிட்டுப் போன கிழமைச் செலவைப் பாத்து ஆளைப் பணக்காரன் எண்டு சொல்லுற மாதிரி. டலஸுக்கு நான் ஒரு வீதமும் குறைக்கேல்லை.

உண்மையில பாக்கவேண்டியது வேற. சாதாரணப் பருவத்தில சமன் எண்டால் மேலதிக நேரம் (ஓவர்டைம்), மூண்டு பேருக்கு மூண்டு பேர் ஐஞ்சு நிமிசம், பிறகு ஷூட்அவுட், அதாவது ஒவ்வொருத்தராப் போய் வலை காக்கிறவருக்கு எதிரா அடிக்கிறது. அதில தோத்தாலும் ஒரு புள்ளி. பிளேஓஃபில உந்த விளையாட்டு ஒண்டும் இல்லை: ஐஞ்சுக்கு ஐஞ்சு, 20 நிமிசம், கோல் விழும்வரைக்கும் திரும்பத் திரும்ப. ஆனபடியால் ஷூட்அவுட்டில பொறுக்கின புள்ளியைக் கழிச்சுப் போட்டு, 60 நிமிசத்துக்குள்ள எத்தனை ஆட்டம் வெண்டவை எண்டு எண்ணுங்கோ. பட்டியல் கொஞ்சம் மாறும்.

மார்க்கம் மாமா: தம்பி, நீர் எழுதுற வீதமெல்லாம் சரி. நான் 1988இல வந்தவன், 93இல மொன்றியல் கப் எடுக்கேக்க கண்ணால பாத்தனான். பற்றிக் றுவா எண்ட ஒரு கோலி (வலை காக்கிறவர்), ஓவர்டைமில தொடர்ந்து 10 ஆட்டம் வெற்றி. பிளேஓஃப் எண்டால் கோலி. மிச்சமெல்லாம் கதை.

மாமா, கோலிதான் பெரிய ஆள் எண்டதில எனக்கும் சந்தேகமில்லை. எந்தக் கோலி எண்டு முதலே சொல்லேலாது எண்டதுதான் என்ரை கதை. 2012இல லொஸ் ஏஞ்சலிஸ் எட்டாம் இடத்தில வந்து ஜொனதன் குவிக்கால கப் எடுத்தது. சரி. 2012 ஏப்ரலில எத்தனை பேர் குவிக் எண்டு எழுதினவை?

மார்க்கம் மாமா: நான் எழுதினனான்.

துண்டு இருக்கோ?

மார்க்கம் மாமா: துண்டு கேக்கிறீரோ? உம்மட வயசுக்கு என்னட்டைத் துண்டு கேக்கிறீர்! சரி, வினிபெக்கின்ரை ஹெலபக்கைப் பாரும். லீக்கிலயே திறம் கோலி. உம்மட 63 வீதம் அவருக்குக் காணாது.

அவரையே எடுப்பம். போன வருசம் சாதாரணப் பருவத்தில அவர் நூறு அடிக்கு 92 தடுத்தவர். கொலறாடோவோட பிளேஓஃப், ஐஞ்சு ஆட்டம்: 87. ஆள் ஒண்டுதான், கை ஒண்டுதான். ஒரு தொடரில ஒரு கோலிக்கு ஏறக்குறைய 190 அடி வரும். திறம் கோலிக்கும் சுமார் கோலிக்கும் இடையில அந்த 190இல மூண்டு கோல் வித்தியாசம்தான் வரும். ஆனா வெறும் தற்செயல் மட்டுமே அதே 190இல நாலு கோலை அங்கால இங்கால தள்ளும். திறமையை விட அதிர்ஷ்டத்தின்ரை ஆட்டம் கூட. 2023இல புளோரிடா பொஸ்ரனோட தொடங்கேக்க வலையில நிண்டது அலெக்ஸ் லயன். நடுவில பொப்றோவ்ஸ்கியை இறக்கினவை, அவர் அவையளை இறுதியாட்டம் மட்டும் கொண்டு போனவர். பயிற்றுநருக்கே முதல் நாள் தெரியாத விசயம் மார்க்கத்தில எப்பிடித் தெரியும்?

ஸ்காபரோ 2: மாமா சொல்லுறதுதான் சரி. கண்ணால பாக்கிறவனுக்குத்தான் ஆட்டம் விளங்கும்.

கண்ணால நானும் பாத்தனான். 2013 மே, ஏழாவது ஆட்டம், சிநேகிதன் வீட்டு நிலவறை. மூண்டாம் பகுதியில லீஃப்ஸ் 4-1, பொஸ்ரன் செத்த மாதிரி. கொண்டாட்டத்துக்குக் கொத்துரொட்டி வாங்க ஒருத்தன் போனான். பொஸ்ரன் ஒண்டு போட்டு 4-2. கடைசி ஒண்டரை நிமிசத்துக்குள்ள, கோலியை வெளியில எடுத்து ஆறாவது ஆளை இறக்கி, பொஸ்ரன் ரெண்டு கோல். அவன் பையோட வந்து சேரேக்க ஓவர்டைம். பேர்ஜரோன் அடிச்சார், முடிஞ்சுது. கொத்து ஆறிப் போச்சு, ஒருத்தரும் தொடேல்லை. அறை நிறையக் கண் இருந்தது, ஒரு கண்ணுக்கும் தெரியேல்லை.

ஸ்காபரோ 3: லீஃப்ஸ் வெல்லுமா?

மேல இருக்கு. 60, 7.

வேலைத்தளப் போட்டி: எத்தனை ஆட்டத்தில முடியும் எண்டும் எழுதச் சொல்லுறாங்கள். என்ன எழுதலாம்?

6. எல்லாத் தொடருக்கும் 6. கிட்டத்தட்டச் சமனான அணிகள் மோதினால் ஆறிலயும் ஏழிலயும் முடியிற வாய்ப்பு ஏறக்குறைய ஒரே அளவு, முப்பது வீதத்துக்குக் கிட்ட. ஒரு அணி கொஞ்சம் பலமெண்டால் ஆறு ஒரு நூல் முன்னுக்கு வரும். நாலில முடியிறது பதின்மூண்டு வீதம்தான், வீரம் காட்ட 4 எண்டு எழுதாதேங்கோ. 15 தொடரையும் சரியாச் சொல்ல வேணும் எண்டு கனவும் காணாதேங்கோ. காசு சுண்டினால் 32,768இல ஒரு வாய்ப்பு.

நேர்ஸ் அக்கா: காயம் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே?

சொல்லுறதுக்கு அவையள் விடுறதில்லை அக்கா. "மேல் உடம்புக் காயம்", "கீழ் உடம்புக் காயம்", அவ்வளவுதான் அறிக்கை. 2013 இறுதியாட்டத்தில பேர்ஜரோன் விலா எலும்பு உடைஞ்சு, நுரையீரல் ஓட்டையாகி விளையாடினவர். முடிஞ்சாப் பிறகுதான் வெளியில வந்தது. இப்ப புளோரிடாவில மத்தியூ கச்சக் பெப்ரவரிக்குப் பிறகு இறங்கேல்லை, எக்பிளாட் தடையில முதல் ரெண்டு ஆட்டத்துக்கு வரமாட்டார். ரெண்டு பேரும் திரும்பி வந்தால் 98 புள்ளி எண்ட எண்ணிக்கையைவிட அது பெரிய அணி. அதாலதான் ராம்பாவுக்கு எதிரா அவையளுக்கு 53 போட்டனான்.

ஒரு தம்பி: அண்ணா, செயலியில நூறு டொலர் போடப்போறன், எதில போடலாம்?

போடாதை. 7 வீதம், 11 வீதம் எண்டு மேல எழுதினதைத் திரும்ப வாசி. இதுக்கு மேல என்னட்டைக் கேக்காதை.

டாக்ஸி இரவு ஷிஃப்ட்: எந்தக் கோலி இண்டைக்கு இறங்குவார் எண்டு முதலே பிடிக்க வழி இருக்கோ?

இருக்கு. ஆட்ட நாள் காலமை ரெண்டு அணியும் பயிற்சிக்கு வருவினம். முதல் எந்தக் கோலி ஐஸை விட்டு வெளியில போறாரோ, பெரும்பாலும் அவர்தான் இரவு நிப்பார். மற்றவர் நிண்டு மிச்ச ஆக்களின்ரை அடியை வாங்குவார். லீஃப்ஸில ஸ்ரோலார்ஸோ வோலோ எண்டு ஞாயிறு காலமை இப்பிடித்தான் பாருங்கோ.

ஸ்காபரோ 4: இந்த வருசமாவது லீஃப்ஸ்…

லீஃப்ஸ் கடைசியாக் கப் எடுத்த 1967இல இருந்து கேக்கிறியள். 60, 7. நாளைக்குக் கேட்டாலும் இதுதான்.

மார்க்கம் மாமா: தம்பி, உம்மட போட்டியில என்னையும் சேரும். தோத்தால் என்ன குடுக்க வேணும்?

காசு இல்லை மாமா. தோக்கிறவர் 50 மட்டன் ரோல்ஸ். எந்த அணி?

மார்க்கம் மாமா: வினிபெக். ஹெலபக்.

எழுதியாச்சு. எத்தனை வீதம்?

மார்க்கம் மாமா: நூறு.

நூறு எண்டே எழுதுறன். ரோல்ஸுக்கு உறைப்புக் கொஞ்சம் கூடப் போடச் சொல்லுங்கோ.