விபத்துக்கும் இழப்புக்கும் பின் மனம் தேறுவது: சேலம், ஏற்காடு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

விபத்திலும் திடீர் இழப்பிலும் அடிபட்ட மனம் எவ்வாறு தேறுகிறது என்பதே பல ஆண்டுகளாக என் ஆய்வுப் பொருள். நீங்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அஸ்தம்பட்டியிலிருந்து: ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது எங்கள் வேன் கவிழ்ந்து ஐந்து வாரம் ஆகிறது. காயங்கள் ஆறிவிட்டன. ஆனால் பிரேக் கருகும் வாசனை வந்தாலே என் கணவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது. இரவில் தூக்கமும் இல்லை. அவருக்கு மன உறுதி குறைவா?

இல்லை, அம்மா. அன்றைய ஆபத்தோடு அந்த வாசனையும் சேர்ந்து பதிந்துவிட்டதால், அறிவு யோசிப்பதற்கு முன்பே உடல் பதறுகிறது. முதல் சில வாரங்களில் இது பலருக்கும் வரும், தானாகவே தணியும். ஒரு மாதம் கடந்தும் தணியாமல் தூக்கத்தையும் வேலையையும் கெடுக்குமானால் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் 1980-லேயே இதற்கு பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல்) என்று தனிப் பெயர் வந்துவிட்டது. எனவே இனியும் காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பயந்த இடத்தை நோக்கிச் சிறிது சிறிதாகத் திரும்பிச் செல்வது நன்கு சோதிக்கப்பட்ட சிகிச்சை முறைகளுள் ஒன்று. முதல் நாள் கோரிமேடு வரை பேருந்தில் போய்த் திரும்புவது, அது பழகியபின் அடிவாரம் வரை, பிறகு முதல் கொண்டை ஊசி வளைவு வரை என்று, சிகிச்சையாளரின் துணையோடு போக வேண்டும். இருபது வளைவுகளையும் ஒரே நாளில் ஏறவைத்துப் பயத்தைத் தெளியவைக்கிறேன் என்று உறவினர் யாரும் கிளம்ப வேண்டாம். தூக்கத்துக்காக மதுவை நாடுவதையும் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

அம்மாபேட்டையிலிருந்து: அண்ணன் மகன் இறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. துக்கம் விசாரிக்க வருகிற ஒவ்வொருவரும் "எப்படி நடந்தது?" என்று அண்ணியிடம் கேட்கிறார்கள். சொல்லி அழுதால்தான் பாரம் குறையும் என்கிறார்கள். இது சரியா?

அண்ணியே பேச விரும்பினால் கேட்கலாம். தோண்டித் துருவிச் சொல்லவைப்பது தவறு. இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் உளவியல் துறையே ஒரு காலத்தில் இந்தத் தவறைச் செய்தது. விபத்து நடந்த கையோடு, பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து, நடந்ததை முழுவதும் விவரிக்கச் செய்யும் ஒற்றை அமர்வு 1980-களிலிருந்து பல நாடுகளில் பரவியது. பிரிட்டனில் சாலை விபத்தில் காயமடைந்தவர்களை மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்து 2000-ல் வெளியிட்ட முடிவு எங்களைத் திடுக்கிட வைத்தது: தொடக்கத்தில் மிகவும் கலங்கியிருந்தவர்களில், அந்த அமர்வு கிடைக்காதவர்கள் தேறியிருந்தார்கள், கிடைத்தவர்கள் தேறாமலே இருந்தார்கள்.

ஆகவே வீட்டில் ஒருவர் வாசலிலேயே நின்று, வருகிறவர்களுக்கு நடந்ததைத் தாமே சொல்லி அனுப்பட்டும். அண்ணியின் அருகே ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். இன்னொருவர் மற்ற பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிப் பள்ளிக்கு அனுப்பட்டும். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வதும் ஏறக்குறைய இதுதான்.

ஏற்காட்டிலிருந்து ஓர் ஆசிரியை: காபித் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பத்துச் சிறுமி, வயது ஒன்பது. தாய் இல்லை, தந்தை குடிப்பவர், பாட்டிதான் வளர்க்கிறார். இவள் வாழ்க்கை இவ்வளவுதானா?

அப்படி முடிவு கட்டாதீர்கள். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நடுவயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய் என்று பல சுமைகளை ஒருசேரச் சுமந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒருவர் அன்பும் பொறுப்பும் உள்ளவராக வளர்ந்திருந்தார். அவர்களுக்குப் பெற்றோர் அல்லாவிட்டாலும் பாட்டியோ அத்தையோ ஆசிரியரோ, கைவிடாத ஒரு பெரியவர் இருந்தார். பதின்ம வயதில் தடம் புரண்ட பலரும்கூட முப்பது வயதுக்குமேல் வேலை, நல்ல மணவாழ்க்கை போன்றவற்றால் சீர்ப்பட்டார்கள்.

மீள்திறன் என்பது பிறவியிலேயே வாய்த்த இரும்பு நெஞ்சு என்று எண்ணுகிறோம். ஆய்வில் நான் காண்பது வேறு: அது பெரும்பாலும் சுற்றியிருப்பவர்கள் கொடுப்பது. அந்தப் பாட்டியின் உடல்நலத்தை விசாரியுங்கள்; சிறுமிக்கு வகுப்பில் அவளால் செய்ய முடிகிற பொறுப்பு ஒன்றைக் கொடுத்து, தினமும் பெயர் சொல்லி அழைத்துப் பேசுங்கள். வீட்டில் அவளுக்கு அடி விழுவதாகத் தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லத் தயங்காதீர்கள்.

ஆத்தூரிலிருந்து: பயந்த குழந்தைக்கு மந்திரித்துத் திருநீறு போடலாமா?

தாராளமாக. மடியில் உட்கார்த்தி நெற்றியில் பூசும் கை குழந்தைக்கு ஆறுதல்தான். அடிப்பதோ புகை போடுவதோ கூடாது. ஒரு மாதத்துக்குப் பின்னும் பயம் குறையாவிட்டால் மருத்துவரிடமும் போக வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்பது உண்மையா?

சிலரை. டெடெஸ்கி, கல்ஹூன் என்ற இருவர் அத்தகைய வளர்ச்சியை அளக்க 1996-ல் ஒரு வினாப்பட்டியலே வகுத்தார்கள். ஆனால் பாதிக்கப்பட்டவர் தாமாக உணர்ந்து சொல்ல வேண்டியது அது. துயரத்தில் இருப்பவரிடம் போய் "இதுவும் நல்லதுக்கே" என்று நாம் சொன்னால் அவர் மேலும் தனித்துப்போவார்.

பலர்: உடனடியாக யாரிடம் பேசுவது?

டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி, எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். இறந்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வாயில் வந்தாலும் அவரைத் தனியே விடாமல், அன்றே அழையுங்கள்.