டானிக் தெளித்தால் நெல் இலை அகலமாகுமா?

கேள்வி: குறுவை நட்டு இருபது நாள் ஆகிறது. இலை ஒடுங்கி, வெளிறித் தெரிகிறது. உரக் கடையில் ஒரு டானிக்கைக் கொடுத்து, "இலை வளர்ச்சி மரபணுவைத் தூண்டும்" என்கிறார்கள். ஆய்வக வரைபடம்கூடக் காட்டினார்கள். வாங்கலாமா?
– ஒரு விவசாயி, மன்னார்குடி பக்கம்

வாங்காதீர்கள்.

நெல் இலை வளர்வது கண்ணுக்குத் தெரியும் பச்சைப் பகுதியில் அல்ல. தூரின் அடியில், பழைய இலைகளின் உறைக்குள் மறைந்திருக்கும் இளந்திசுவில்தான் செல்கள் பெருகி நீளுகின்றன. அதற்கான மரபணுக்கள் மும்முரமாக வேலை செய்வதும் அங்கேதான். விரிந்து முடிந்த இலையில் அவை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். மருந்து படுவதோ அந்த முடிந்த இலையில்! இலை அகலத்தில் பங்குள்ள 'நால்-1' மரபணு இலை நரம்புத் திசுக்களில் அதிகம் வெளிப்படுகிறது, அதாவது வேலை செய்கிறது. அது பழுதானால் நரம்புகள் குறைந்து இலை ஒடுங்கும். இது விதையோடு வருவது, பாட்டிலில் வருவதல்ல.

அந்த வரைபடத்தைக் காட்டினால் ஒன்று கேளுங்கள்: எந்தத் திசுவை, எந்த நேரத்தில் வெட்டி எடுத்து அளந்தார்கள்? பல மரபணுக்களின் வெளிப்பாடு காலைக்கும் மாலைக்கும் இடையிலேயே மாறும். ஒரு கோடு ஏறியதால் நெல் மூட்டை ஏறாது.

இலையை உண்மையிலேயே நீட்டக்கூடியது ஜிப்ரலின் என்ற ஹார்மோன். டானிக்கில் அது இருந்தால் பயிர் மளமளவென்று உயரும். மெலிந்து சாயவும் செய்யும். 1966-இல் வந்த ஐ.ஆர்.8 நெல் ரகம் குட்டையாக நின்று விளைச்சல் கொடுத்ததே, ஜிப்ரலினை உண்டாக்கும் ஒரு மரபணு அதில் பழுதாக இருந்ததால்தான். அன்று பாடுபட்டுக் குறைத்ததை இன்று காசு கொடுத்து ஏற்றுவதா?

சரி, வெளிறலுக்கு என்ன செய்வது? இலை வண்ண அட்டையை (எண்ணிட்ட பச்சை நிறப் பட்டைகள் கொண்டது) மேலே முழுதாக விரிந்த இலையோடு, வெயில் படாமல் உங்கள் நிழலில் வைத்துப் பாருங்கள். பத்து இலைகளில் பாதிக்கு மேல் 4-ஆம் எண் நிறத்தைவிட வெளிறி இருந்தால் தழைச்சத்து போதவில்லை. யூரியா மேலுரம் இடுங்கள்.

தெளிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. துத்தநாகக் குறை இருந்தால் தெளிக்கத்தான் வேண்டும். நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்தில் இளம் இலையின் நடுநரம்பு அடிப்பக்கம் வெளிறும், கீழ் இலைகளில் துரு நிறப் புள்ளி விழும், வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் குன்றி நிற்கும். களர் நிலத்திலும் தண்ணீர் வடியாத வயலிலும் இது அதிகம். இந்த அடையாளங்கள் இருந்தால் மட்டும் லிட்டர் தண்ணீருக்கு துத்தநாக சல்பேட் 5 கிராம், யூரியா 10 கிராம் கரைத்துத் தெளியுங்கள். பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. டி.ஏ.பி. உரக் கரைசலோடு கலக்காதீர்கள், இரண்டும் வீணாகும். அடுத்த நடவில் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து அடியுரமாகவே தூவிவிடுங்கள்.

"டானிக்கையும் எடுத்தால்தான் யூரியா" என்று கட்டாயப்படுத்தினால் மறுத்துவிடுங்கள். அது சட்டப்படி தவறு, அதிகாரிகளுக்குத் தெரியாததும் அல்ல. வளர்ச்சியைத் தூண்டுவதாக விற்கும் இப்படிப்பட்ட டானிக்குகளை, அதாவது உயிரூக்கிகளை, 2021-இல்தான் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தார்கள். அப்புறமும் அவற்றை விற்க அனுமதிக்கும் தற்காலிகச் சான்றை வருடக்கணக்கில் நீட்டிக்கொண்டே போனார்கள். அந்த அலட்சியத்துக்கு விலை கொடுத்தது விவசாயி. கடையில் பில் கேளுங்கள். தராவிட்டால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.