பாரமகால் சண்டைகளில் ஜெயித்தது கோட்டையா, குதிரையா? கேள்வி பதில்

பாரமகால் என்ற கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்தில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிக்கும் மைசூரை ஆண்ட ஹைதர் அலி, அவர் மகன் திப்பு சுல்தான் ஆகியோருக்கும் நடந்த மைசூர்ப் போர்கள் பற்றி நம் ஆட்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: ஆற்றங்கரையில் இருந்த எங்கள் ஊர்க் கோட்டைக்காகவா ஹைதர் இறங்கி வந்தார் அண்ணா?

கோட்டையும் ஒரு காரணம்தான், ஆனால் 1767 ஆகஸ்டில் அவருடைய குதிரைப்படை முதலில் குறிவைத்தது கும்பினித் தளபதி கர்னல் ஸ்மித்தின் முகாம் மாடுகளை. மேய்ச்சலில் இருந்ததை அப்படியே ஓட்டிக்கொண்டு போனார்கள், மீட்கப் போன கும்பினிக் குதிரைவீரர்களும் நன்றாக அடிவாங்கினார்கள். மாடு இல்லையென்றால் பீரங்கி நகராது, அரிசி மூட்டையும் வராது. காவேரிப்பட்டணமும் ஹைதர் கைக்குப் போனது. செப்டம்பர் 3 அன்று செங்கத்தில் ஸ்மித் ஜெயித்தார், ஆனாலும் நின்று கொண்டாட வழியில்லாமல் படைக்குச் சோறு தேடித் திருவண்ணாமலைக்கு நடக்க வேண்டியதாயிற்று.

தருமபுரியிலிருந்து: கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை யாராலும் பிடிக்க முடியவில்லை என்கிறார்களே?

ஏறிப் பிடிக்க முடியவில்லை என்பது சரி. 1768இல் கும்பினிப் படை சுற்றி வளைத்துப் பட்டினி போட்டுத்தான் பணிய வைத்தது. பிறகு திப்பு காலத்தில், 1791 நவம்பர் 7 இரவு கும்பினியின் மாக்ஸ்வெல் படை பேட்டையையும் (கோட்டைக்கு வெளியே இருந்த ஊர்) கீழ்க்கோட்டையையும் பிடித்து, ஓடுகிறவர்கள் பின்னாலேயே மேல்வாசல் வரை போய்விட்டது. கதவு சாத்தியாயிற்று. ஏணியைத் தூக்கிக்கொண்டு அந்தச் செங்குத்துப் பாறையில் ஏறினால், மேலிருந்து பெரிய பெரிய பாறாங்கல்லாக உருட்டிவிடுகிறார்கள், ஏணியும் அதைத் தூக்கிய ஆட்களும் சேர்ந்து நசுங்கினார்கள். அந்தப் பாறையை ஒருமுறை நேரில் பாருங்கள், விளங்கிவிடும். கடைசியில் 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கையெழுத்தாகித்தான் கும்பினிக்கு வந்தது.

ஊத்தங்கரையிலிருந்து: கிருஷ்ணகிரியைக் கையில் வைத்துக்கொண்டும் 1769இல் கும்பினி ஏன் சமாதானத்துக்கு இறங்கியது?

படையைத் துண்டு துண்டாகச் சின்னக் கோட்டைகளில் பிரித்து வைத்தது பெரிய தப்பு. 1768 கடைசியில் ஹைதர் அவற்றை ஒவ்வொன்றாக மீட்டார். அப்புறம் 1769 மார்ச்சில் சுமார் 6,000 குதிரைகளோடு, பீரங்கிகளை விட்டுவிட்டு, சென்னை வாசலுக்கே போய் நின்றார். இரு பக்கமும் பிடித்த ஊர்களைத் திருப்பித் தருவதாக ஏப்ரலில் உடன்படிக்கை.

ஓசூரிலிருந்து: எங்கள் ஊருக்கு இதில் பங்கு உண்டா?

உண்டு, 1791 ஜூலையில். ஓசூரும் இராயக்கோட்டையும் கும்பினிப் படையை நடத்திய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் கைக்கு வந்ததும் பாலக்கோடு கணவாய் வழி திறந்தது. அடுத்த மாதமே யானைகளும் ஆயிரக்கணக்கான அரிசிப் பொதி மாடுகளும் பெங்களூர்ப் பக்கம் இருந்த படைக்குப் போய்ச் சேர்ந்தன. அதே ஆண்டு மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் மாடுகள் செத்து, தன் பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பிய படை அது.